முதல் வாசகனின் கை: தகேயுச்சி தகாஷியின் நின்ற கோலங்கள்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் கதைக்குப் படம் வரைகிறவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லி, யாரைப் பற்றி என்பதை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். முப்பது வருடமாக நானும் அந்தத் தொழிலில் இருப்பவன். கதை கையெழுத்துப் பிரதியாக வந்த நாளும் உண்டு. போனில் நாலு வரிச் சுருக்கம் மட்டும் வந்து, சாயங்காலத்துக்குள் படம் போய்ச் சேர வேண்டிய நாளும் உண்டு. அப்படி ஒருமுறை, கதாநாயகிக்கு நீளக் கூந்தல் வரைந்து அனுப்பிவிட்டேன். இதழ் வந்த பிறகுதான் கதையைப் படித்தேன். அவள் முடியை வெட்டிக்கொள்வதில்தான் கதையே தொடங்குகிறது. எழுதியவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. அதனால்தான் ஓர் எழுத்தாளரின் எழுத்தை உலகத்தில் எவரும் படிப்பதற்கு முன்னால் படித்து, அதற்காகவே தன் கையையும் வாழ்க்கையையும் அமைத்துக்கொண்ட ஒருவரை இன்று எடுத்துக்கொண்டேன். பெயர் தகேயுச்சி தகாஷி. ஜப்பானியர். விஷுவல் நாவல் என்ற வகைக்குப் பாத்திரங்களை உருவாக்கி வரைபவர். டைப்-மூன் என்ற குழுவை நண்பரோடு சேர்ந்து தொடங்கியவர்.

விஷுவல் நாவலைப் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். கணினித் திரையில் ஓடும் நாவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு வகுப்பறையோ தெருவோ தெரியும். அதன்மேல் ஒரு பாத்திரம் நம்மைப் பார்த்து நிற்கும். அதற்கும் மேலே எழுத்து வரிவரியாக வரும். ஒரு சொடுக்குக்கு ஒரு வரி. சில இடங்களில் கதை நம்மைக் கேட்கும்: இதைச் செய்வாயா, அதைச் செய்வாயா? சொல்லும் பதிலைப் பொறுத்துப் பாதை பிரியும். இசை உண்டு, கதவு திறக்கிற சத்தம் உண்டு. ஆனாலும் அடிப்படையில் அது வாசிப்புதான். ஒரு பெரிய படைப்பை முடிக்க ஐம்பது அறுபது மணி நேரம் ஆகும்.

இந்த வகைக்கு முன்னோடியாக இருந்தவை சுன்சாஃப்ட் நிறுவனத்தின் ஒலி நாவல்கள். 1992-இல் வந்த ஒதோகிரிசோவில் பாத்திரங்களுக்கு உருவமே இல்லை. 1994-இல் வந்த கமாய்தாச்சி நோ யோருவில் மனிதர்கள் நீல நிழலுருவாக மட்டும் வருவார்கள். பனிமலை விடுதி ஒன்றில் நடக்கும் கொலைக்கதை. முகம் தெரியாததே அதற்குப் பலம். கண்ணையும் மூக்கையும் வாசகரே இட்டு நிரப்பிக்கொள்வார். 1996-இல் லீஃப் என்ற நிறுவனம் தன் வரிசைக்கு விஷுவல் நாவல் என்று பெயர் வைத்து, அந்த நிழலுக்கு முகம் கொடுத்தது. அன்றிலிருந்து வரைபவருக்கு ஒரு புதுப் பொறுப்பு வந்துவிட்டது.

அது எப்படிப்பட்ட பொறுப்பு? திரையில் நம்மைப் பார்த்து நிற்கும் அந்தப் படத்தை ஜப்பானியர்கள் தாச்சி-எ என்பார்கள். நிற்கிற படம். நம்மிடம் அதற்கு நல்ல சொல் இருக்கிறது: நின்ற கோலம். ஒரு பாத்திரத்துக்கு இரண்டு மூன்று நிலைகள் இருக்கும். ஒவ்வொரு நிலைக்கும் சில முகபாவங்கள். உடம்பு அப்படியே இருக்கும். புருவமும் கண்ணும் வாயும் மட்டும் மாறும். அந்த மாறும் பகுதிக்கு சபுன் என்று பெயர். வித்தியாசம் என்று அர்த்தம். சினிமாவில் நடிகர் திரும்புவார், குனிவார், ஓடுவார். பத்திரிகைத் தொடரில் எனக்கு வாரம் ஒரு புதுப் படம் கிடைக்கும். இங்கே ஒரே உருவம் சாப்பாட்டு மேசையிலும் சாவு வீட்டிலும் நிற்க வேண்டும். உற்சவர் ஒருவர்தான், பத்து நாளும் அலங்காரம்தான் மாறும் என்பது போல. ஆயிரமாவது தடவை பார்க்கும்போதும் வாசகருக்கு அந்த முகம் சலித்துவிடக் கூடாது.

இனி தகேயுச்சியின் கதைக்கு வருகிறேன்.

அவரும் நாசு கினோகோவும் பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பர்கள். நாசு எழுதுவார், இவர் வரைவார். படித்து முடித்த பிறகு தகேயுச்சி, புயோ புயோ விளையாட்டால் பெயர்பெற்ற கம்பைல் நிறுவனத்தில் வேலை பார்த்தார். நாசு எழுதிக்கொண்டே இருந்தார். மாஹோத்சுகாய் நோ யோரு என்ற நாவலை 1996-இலேயே முடித்துவிட்டார். அச்சாகவில்லை. கல்லூரி நாளில் தொடங்கிப் பாதியில் வைத்த இன்னொரு கதையும் பெட்டிக்குள் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1998 அக்டோபரில் இருவரும் சேர்ந்து கரா நோ கியோகாய் என்ற தொடரை இணையத்தில் இலவசமாக வெளியிடத் தொடங்கினார்கள். எழுத்து நாசு, படம் தகேயுச்சி. அவர்கள் கூட்டுக்கு வைத்திருந்த பெயர் தாகெபோகி. மூங்கில் துடைப்பம். தொடரின் கடைசி அத்தியாயங்களை 1999 கோடையில் கொமிக்கெட் சந்தைக்கு அச்சடித்துக் கொண்டுபோனார்கள். பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே கதையை 2004-இல் கோதான்ஷா பதிப்பகம் நூலாக்கியது. 2007 டிசம்பர் முதல் யூஃபோடேபிள் அதைத் திரைப்பட வரிசையாக எடுத்தது. அதெல்லாம் பிற்பாடு. 1999-இல் நிலைமை, எழுதியவருக்கு நம்பிக்கையான வாசகர் ஒருவர் இருந்தார் என்பதுதான்.

கரா நோ கியோகாயின் நாயகி ஷிக்கி. கிமோனோ உடுத்தி, அதன்மேல் சிவப்புத் தோல் ஜாக்கெட் போட்டு, காலில் பூட்ஸோடு நடப்பவள். படிக்கும்போது ‘சரி’ என்று தாண்டிப் போய்விடுவோம். வரைய உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். கிமோனோவின் அகன்ற கை அந்த ஜாக்கெட்டுக்குள் எங்கே போகும்? இடுப்புப் பட்டையின் மேல் ஜாக்கெட்டின் ஓரம் எப்படி விழும்? அந்த உடையில் வேகமாக நடந்தால் எது மடங்கும்? தகேயுச்சி வரைந்த ஷிக்கியைப் பார்த்தால் இந்தக் கேள்வி ஒன்றும் எழாது. காலங்காலமாக இப்படித்தான் உடுத்தி வந்தவள் போல நிற்பாள். எழுத்து சொன்ன ஒரு விசித்திரத்தை நாம் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொள்ளச் செய்வது வரைபவனுடைய வாசிப்பு. கதையை ஆழமாக நம்பியவனால்தான் அது முடியும்.

நாவலாகக் கொடுத்தால் எட்டாத வாசகர்களை விளையாட்டாகக் கொடுத்தால் எட்டலாம் என்ற எண்ணம் பிறகு வந்தது. டைப்-மூன் என்ற பெயரில் ஒரு சிறு குழு சேர்ந்தது. நாசு எழுத்து, தகேயுச்சி ஓவியம், நிரலுக்கு ஒருவர், இசைக்கு ஹாகா கெய்தா. இப்படிச் சொந்தக் கைக்காசில் செய்து சொந்தக் கையால் விற்பதை அங்கே தோஜின் என்பார்கள். அதற்கான பெருஞ்சந்தைதான் கொமிக்கெட். 1975 டிசம்பரில் தொடங்கி, கோடையில் ஒன்றும் ஆண்டுக் கடைசியில் ஒன்றும் என்று வருடத்துக்கு இருமுறை டோக்கியோவில் நடப்பது. மேசை போட்டு, தான் செய்ததைத் தானே விற்க வேண்டும். 2000 டிசம்பர் கொமிக்கெட்டில் அவர்களுடைய சுகிஹிமே முழுமையாக வெளிவந்தது. நிலவின் இளவரசி என்று பொருள்.

சுகிஹிமேயின் படங்களை இன்று பார்க்கும் மாணவர்கள் ஏமாறலாம். திரை 640-க்கு 480 புள்ளி. பின்னணிகள் புகைப்படத்தை எடுத்து நிறம் மாற்றி ஓவியம் போல் ஆக்கியவை. தோள் சில இடத்தில் அகலம், சில இடத்தில் ஒடுக்கம். கைவிரல்களில் தயக்கம் தெரிகிறது. இதை நான் மறைக்கப் போவதில்லை. வரையத் தெரிந்தவர் கண்ணுக்குக் குறை தெரியத்தான் செய்யும்.

ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். அந்தப் படைப்பில் எழுத்து திரையின் அடியில் ஒரு கட்டத்துக்குள் அடங்கி வருவதில்லை. மேலிருந்து கீழ்வரை திரை முழுவதும், பாத்திரத்தின் முகத்தின்மேலேயே ஓடுகிறது. தன் படத்தின் மேல் எழுத்து விழும் என்று தெரிந்தேதான் அவர் வரைந்திருக்கிறார். அங்கே நுணுக்கமான கோட்டுக்கு வேலையில்லை. தூரத்திலிருந்து பார்த்தாலும், பத்து வரி எழுத்துக்குப் பின்னால் இருந்தாலும், யார் என்று தெரிய வேண்டும். நாயகி ஆர்க்வெயிட்டுக்கு வெள்ளை மேலாடை, குட்டையான பொன்முடி, சிவந்த கண். அவ்வளவுதான். கழுத்தில் ஒரு மணி கிடையாது, கையில் ஒரு காப்பு கிடையாது. பல நூற்றாண்டுப் பழமை கொண்ட இரத்தக் காட்டேரி இளவரசியை, கடைவீதியில் எதிரே வரும் பெண் போல உடுத்திவிட்டார். இத்தனை எளிய உடையை வரையத் துணிச்சல் வேண்டும். என்னிடம் இப்படி ஒரு கதை வந்திருந்தால் நான் கறுப்பு அங்கியும் கிரீடமும் போட்டிருப்பேன்.

சுகிஹிமேயில் நான் அதிக நேரம் தங்கிய இடம் வேறு. தோனோ மாளிகையில் வேலைக்கு இருக்கும் இரட்டைப் பிறவிகள் ஹிசுயியும் கொஹாகுவும். கதையின் நாயகன் ஷிக்கி பல ஆண்டுகள் கழித்து அந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறான். (பெயர் ஒன்றாக ஒலித்தாலும் முன்பு சொன்ன ஷிக்கி வேறு.) தினமும் காலையில் அவன் கண் விழிக்கும்போது ஹிசுயி வந்து நிற்பாள். மேற்கத்திய வேலைக்காரி உடை, வெள்ளை ஏப்ரன், உணர்ச்சி காட்டாத முகம். கொஹாகு கிமோனோவின் மேல் வெள்ளைத் துணி கட்டியிருப்பாள். சமையல் அவள் பொறுப்பு. எப்போதும் சிரித்த முகம்.

இருவருக்கும் ஒரே முகம், ஒரே சிவப்பு முடி. வரைபவனுக்குக் கையில் இருப்பது உடையும் கண்நிறமும் புருவமும் வாயும்தான். தகேயுச்சி என்ன செய்தார் என்பதை மாணவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். ஹிசுயியின் முகத்தில் மாற்றங்களை மிகவும் குறைத்தார். வாய்க்கோடு நேராக, சின்னதாக இருக்கும். கண் நம்மை நேரே பார்க்கும். நாள் தவறாமல் அதே நின்ற கோலம். அந்தப் பழக்கத்துக்கு நாம் ஆளான பிறகு, ஒரு நாள் அவள் பார்வை சற்றே கீழே தாழ்கிறது. கன்னத்தில் மெல்லிய சிவப்பு. வேறு எந்தப் படைப்பிலும் யாரும் கவனிக்காத அளவு மாற்றம். இங்கே அதைப் பார்த்ததும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம்.

கொஹாகுவுக்கு நேரெதிர். சிரிப்பு, சிரிப்பு, மேலும் சிரிப்பு. சுகிஹிமேயில் ஐந்து பெண்களுக்கு ஐந்து பாதை. நிலவுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் இருப்பது போல முதல் இரண்டு பாதைகள் ஒரு பக்கம், மற்ற மூன்று மறுபக்கம். கொஹாகுவின் பாதை எல்லாவற்றுக்கும் கடைசி. மற்ற நான்கையும் படித்து முடிக்கும்வரை அவள் நமக்குச் சோறு போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். கடைசிப் பாதையில்தான் தெரிகிறது, அந்தச் சிரிப்பு கற்றுக்கொண்ட ஒன்று என்று. குழந்தைப் பருவத்தில் ஷிக்கியோடு தோட்டத்தில் ஓடியாடியவள் ஹிசுயி. ஜன்னலுக்குப் பின்னால் அசையாமல் நின்று பார்த்தவள் கொஹாகு. அந்த வீட்டில் அவளுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, இருவரின் சுபாவமும் இடம் மாறிவிட்டது. சிரித்துத் திரிந்தவள் மௌனமானாள். மௌனமாக நின்றவள் சிரிப்பைப் போட்டுக்கொண்டாள்.

இதைப் படித்த பிறகு முந்தைய நான்கு பாதைகளின் படங்களை நினைத்துப் பாருங்கள். படம் மாறவில்லை. அதே வாய், அதே கண். நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது. நான்கு பாதைகள் நெடுக அந்தப் படம் நம்மிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கதை முழுவதும் தெரிந்த ஒருவர் அந்தச் சிரிப்பில் சிறு குறிப்புக்கூடக் கசியவிடாமல் வரைந்திருக்கிறார். நானாக இருந்தால் கண்ணோரம் ஒரு சோகத்தைக் கோடு காட்டி, என் கெட்டிக்காரத்தனத்தை நிரூபித்திருப்பேன். கதை அங்கேயே போயிருக்கும். எழுத்தாளர் தன் கடைசி அறையின் கதவைத் திறக்கும்வரை வெளியே காவல் நிற்கத் தெரிந்த ஓவியர் தகேயுச்சி.

சுகிஹிமே வாய்மொழியாகவே பரவியது. கொமிக்கெட்டில் மேசை போட்டு விற்றவர்கள் முறையாக நிறுவனம் பதிந்தார்கள். நோட்ஸ் என்று பெயர். நாசுவின் பழைய சிறுகதை ஒன்றின் தலைப்பு அது. நிறுவனத்தின் தலைவர் தகேயுச்சி. 2004 ஜனவரி 30 அன்று ஃபேட்/ஸ்டே நைட் வெளியானது. நாசு கல்லூரி நாளில் பாதியில் வைத்ததாகச் சொன்னேனே, அந்தக் கதைதான் இதற்கு மூலம்.

மூல வடிவத்தில் முதன்மைப் பாத்திரம் ஒரு பெண். அவள் மந்திரத்தால் அழைத்து வரும் வீரன், பிரித்தானியத் தொன்மத்தின் ஆர்தர் மன்னன், ஆண். அதை மாற்றச் சொன்னவர் தகேயுச்சி. அழைப்பவன் பையனாக இருக்கட்டும், மன்னன் பெண்ணாக இருக்கட்டும் என்றார். இந்தக் கேளிக்கை வகையில் நாயகன் ஆணாகவும் சுற்றியிருப்பவர்கள் பெண்களாகவும் இருப்பதே வழக்கம் என்பது காரணம். சந்தைக் கணக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். பலரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

எனக்கு அதோடு முடிந்துவிடுவதாகத் தெரியவில்லை. அந்த மாற்றத்தை நாசு ஏற்றுக்கொண்ட பிறகு கதைக்கு என்ன ஆனது என்று பாருங்கள். கல்லில் இருந்து வாளை உருவியவள் ஒரு பெண். மன்னனாக வேண்டும் என்பதற்காகத் தான் பெண் என்பதை மறைத்து வாழ்ந்தவள். நாட்டைக் காத்தும் நாடு அழிந்தது, வேறொருவர் மன்னனாகியிருக்க வேண்டும் என்று தன்னையே அழித்துக்கொள்ள விரும்புகிறவள். அவளுடைய துயரமெல்லாம் அந்த மறைவிலிருந்துதான் ஊறுகிறது. விற்பனைக்காகக் கேட்டதாகச் சொல்லப்படும் ஒரு மாற்றம் பாத்திரத்தின் உயிர்நிலையாகிவிட்டது. ஓவியர் கேட்டார், எழுத்தாளர் அந்தக் கேள்வியை வீணாக்காமல் வேர்வரை கொண்டுபோனார்.

சேபர் என்ற அந்தப் பாத்திரத்தை தகேயுச்சி வரைந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. உயரம் 154 சென்டிமீட்டர்தான். நீல ஆடை, அதன்மேல் வெள்ளிக் கவசம். பொன்முடியைப் பின்னிப் பின்னால் சுற்றி முடிந்திருக்கிறாள். உச்சியில் மட்டும் ஒரு முடிக்கற்றை எதற்கும் அடங்காமல் எழும்பி நிற்கும். அந்தக் குட்டை உருவத்தின்மேல் அத்தனை இரும்பை ஏற்றியதும் நமக்குத் தானாகவே ஒரு பதைப்பு வருகிறது. இந்தச் சுமை இவளுக்கு அதிகம் என்று படம் சொல்கிறது. இல்லை, என்னால் முடியும் என்று முகம் சொல்கிறது. புருவம் திடமாக, சற்று கனமாக இருக்கும். வாய் இறுகியிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் கண் மட்டும் பெரிதாக, இளமையாக இருக்கும். ராஜாவும் சிறுமியும் ஒரே முகத்தில்.

அவள் முதன்முதலில் தோன்றும் காட்சி. நாயகன் ஷிரோ இரவில் தன் வீட்டுப் பின்கட்டிலுள்ள பழைய சாமான் கொட்டகைக்குள் விழுந்து கிடக்கிறான். ஈட்டிக்காரன் துரத்தி வந்து குத்தப் போகிறான். ஒளி வெடிக்கிறது, இரும்பும் இரும்பும் மோதும் சத்தம். பிறகு அமைதி. கொட்டகைக்குள் நிலா வெளிச்சம் விழுகிறது. அந்த ஒளியில் அவள் நின்று, தரையில் கிடப்பவனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறாள். நாமும் தரையிலிருந்துதான் அவளைப் பார்க்கிறோம். 154 சென்டிமீட்டர் உருவம் அந்த ஒரு படத்தில் மலை மாதிரி நிற்கிறது. அவளைச் சிறியவளாக வடிவமைத்துவிட்டு, முதல் சந்திப்பில் மட்டும் நம்மைக் கீழே கிடத்தி அண்ணாந்து பார்க்க வைத்தார்கள். அடுத்த நாளே அவள் நாயகனின் வீட்டில், தோசகா ரின் என்ற பெண் கொடுத்த வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாக, சோற்றுக் கிண்ணத்தின் முன்னால் முதுகு நிமிர்ந்து உட்காருகிறாள். கவசம் போனதும் அந்தத் தோள் எவ்வளவு சின்னது என்பது அப்போதுதான் தெரியும்.

ஃபேட்டில் மூன்று பாதைகள். மூன்றாவதான ஹெவன்ஸ் ஃபீலில் அதே சேபர் எதிரியின் பிடிக்குப் போய்விடுகிறாள். கவசம் கறுப்பு, தோல் வெளிறிப்போகிறது, கண் மஞ்சளாகிறது. முகக்கோடு ஒன்றும் மாறவில்லை. அறுபது மணி நேரம் நாம் பழகிய அதே முகம். பழகியிருப்பதால்தான் அடிவயிற்றில் குளிர்கிறது. நின்ற கோலம் என்ற கட்டுப்பாட்டையே இப்படி ஒரு ஆயுதமாகப் பயன்படுத்தியவர்கள் குறைவு.

இங்கே ஒன்றைத் திறந்து சொல்ல வேண்டும். சுகிஹிமேயும் ஃபேட்டும் முதலில் வயதுவந்தோருக்கான விளையாட்டுகளாகவே விற்கப்பட்டவை. பாலுறவுக் காட்சிகள் உண்டு. அவற்றில் சில கதைக்கு ஒட்டாமல், சந்தைக்காகத் தைத்துச் சேர்த்தவை போலவே இருக்கின்றன. 2007 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ஃபேட்டில் அவை நீக்கப்பட்டு, குரல் நடிப்பு சேர்க்கப்பட்டது. சேபருக்குக் குரல் கொடுத்தவர் கவசுமி அயாகோ. அந்தக் காட்சிகளை எடுத்த பிறகும் கதை முழுசாக நின்றது. என் கருத்தில் அதுதான் சரியான பிரதி.

சேபருக்குப் பிறகு தகேயுச்சியின் வாழ்க்கை வேறு தடத்தில் போகிறது. 2006 டிசம்பரிலிருந்து உரோபுச்சி கென் எழுதிய ஃபேட்/ஜீரோ நாவல்களுக்குப் படம் வரைந்தார். அதில் சேபருக்குக் ஆண்கள் அணியும் கறுப்பு சூட்டைப் போட்டுவிட்டார். மன்னன் ஆண்வேடத்தில் வாழ்ந்தவள் என்ற பழைய செய்தி அந்த உடையில் மறுபடி எட்டிப் பார்க்கிறது. 2015-இல் வந்த ஃபேட்/கிராண்ட் ஆர்டர் கைபேசி விளையாட்டு உலகம் முழுக்கப் பரவியது. அதற்காகத் தொன்மத்திலிருந்தும் வரலாற்றிலிருந்தும் முந்நூறுக்கு மேற்பட்ட வீரர்களை எத்தனையோ ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். அந்த வீரர்களில் எத்தனை பேருக்கு சேபரின் முகச்சாயல்! ரசிகர்கள் சேபர் முகம் என்றே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு கையில் பிறந்த முகம் ஒரு வம்சத்துக்கே சாயலாகிவிட்டது.

அந்த வருடங்களில் அவர் செய்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்றுண்டு. 1996-இல் நாசு எழுதி வைத்திருந்த மாஹோத்சுகாய் நோ யோரு, அந்த நண்பர்களின் பழைய சொத்து. 2012 ஏப்ரல் 12 அன்று அது விஷுவல் நாவலாக வெளியானது. படம் வரைந்தவர் தகேயுச்சி இல்லை, டைப்-மூனின் இன்னொரு ஓவியர் கோயாமா ஹிரோகாசு. ஒளியைத் தண்ணீர் போலக் கையாளத் தெரிந்தவர். பனி பெய்யும் இரவுகளும் மலைமேல் உள்ள பழைய வீடும் கொண்ட அந்தக் கதைக்கு அவர் கைதான் வேண்டியிருந்தது என்று படத்தைப் பார்த்த எவரும் சொல்வார்கள். நண்பனின் பழைய நாவலை, தான் முதலில் படித்த கதையை, இன்னொரு கைக்குக் கொடுப்பது சாதாரண விஷயமில்லை. கதைக்கு எது நல்லது என்று மட்டும் பார்க்கிறவரால்தான் அப்படிக் கொடுக்க முடியும். எனக்குக் கிடைத்த நல்ல கதைகளில் ஒன்றையாவது, ‘இது உங்கள் கைக்குத்தான் சரி’ என்று சக ஓவியரிடம் நான் நீட்டியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

சுகிஹிமேயை மறுபடி செய்யப் போகிறோம் என்று 2008-இல் அறிவித்தார்கள். வந்தது 2021 ஆகஸ்ட் 26 அன்று. பதின்மூன்று வருடம். இளமையில் வரைந்த உருவங்களைத் தகேயுச்சி தன் கையாலேயே திரும்ப வரைந்திருக்கிறார். ஆர்க்வெயிட்டின் உடை மாறியிருக்கிறது. தோளும் விரலும் இப்போது உறுதியாக இருக்கின்றன. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் மாணவர்களுக்குக் காட்டுவது உண்டு. முதலில் எல்லோரும் புதியதைத்தான் கைகாட்டுவார்கள். பத்து நிமிடம் கழித்து, பழையதில் உள்ள ஏதோ ஒன்றுக்கு ஒன்றிரண்டு பேர் திரும்பி வருவார்கள். இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் உள்ள சிறு ஏற்றத்தாழ்வு, கோடு முடியும் இடத்தில் உள்ள அவசரம். இருபத்தேழு வயதுக்காரர் ஒருவர் கொமிக்கெட் நெருங்குகிறதே என்று விடிய விடிய வரைந்த கோடு அது என்று சொன்னால், பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அந்த மறு உருவாக்கத்தில் இப்போது வந்திருப்பது முதல் பாதிதான், நிலவின் முன்பக்கம். ஆர்க்வெயிட்டின் பாதையும் சியெல் என்ற பெண்ணின் பாதையும். பின்பக்கத்து மூன்று பாதைகளும் சிவப்புத் தோட்டத்தின் மறுபுறம் என்று பொருள்படும் பெயரில் இரண்டாம் பாதியாக வர இருக்கின்றன. ஆகவே புதிய தோனோ மாளிகையில் ஷிக்கி கண் விழிக்கும்போது ஹிசுயி நேர்ப்பார்வையோடு வந்து நிற்கிறாள். கீழே கொஹாகு, புதிதாக வரையப்பட்ட முகத்தோடு, காலை உணவை எடுத்து வைக்கிறாள். உள்ளே இருப்பது முழுவதும் தெரிந்த அதே கைதான் இப்போதும் வரைந்திருக்கிறது. கண்ணோரம் எங்காவது ஏதாவது கசிகிறதா என்று திரையைப் பெரிதாக்கி, பலமுறை பார்த்துவிட்டேன். சிரித்துக்கொண்டே நிற்கிறாள்.